முத்துக்கு யார் சான்று?

நுழையும்முன்

கொற்கை முத்தின் சிறப்பை மதுரைக்காஞ்சி கூறும். கிரேக்க மாலுமியின் கடற்பயணக் குறிப்பும் கூறும். ஆழ்கடலில் மூழ்கியவர்களின் துணிவே அச்சிறப்புக்குக் காரணம் என்று பொதுவாக எண்ணுகிறோம். ஆனால், எடுத்த முத்தை முன்பின் அறியாத அயலவர் நம்பி வாங்கும்படி செய்த ஏற்பாடும் அதன் பின்னே இருந்தது. அத்தகைய ஏற்பாடு அன்று எப்படி இருந்தது, இன்று என்ன வடிவம் பெற்றுள்ளது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கைக்குள் அடங்கும் சரக்கு

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைப் பார்ப்பவர் கண்ணுக்கு, வணிகம் என்பது பேருருவம் கொண்ட ஒன்றாகத் தோன்றும். மலைபோல் குவிந்த நிலக்கரி, அடுக்கடுக்காக நிற்கும் சரக்குப் பெட்டகங்கள், அவற்றைத் தூக்கி இறக்கும் பாரந்தூக்கிகள் என எல்லாமே அங்குப் பெரியவை. 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இவ்விடத்தின் வலிமையே எடையில்தான் இருக்கிறது. ஆயினும், இக்கடற்கரைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகப்புகழ் தேடித்தந்த பொருளுக்குப் பாரந்தூக்கி தேவைப்படவில்லை. அதை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு போய்விடலாம்.

முத்தும் உப்பும் ஒரே கடலில் பிறந்தவை. இரண்டும் தூத்துக்குடியின் அடையாளங்கள். ஆனால், வணிகத்தில் இரண்டும் இரு வேறு துருவங்கள். உப்பு வாங்குபவர் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துப் பார்க்கலாம்; தரத்தில் ஐயம் எழுந்தாலும் இழப்பு பெரிதாக இராது. முத்து அப்படிப்பட்டதன்று. ஒரே அளவுள்ள இரண்டு முத்துகளுள் ஒன்று மற்றதைப்போலப் பன்மடங்கு விலை பெறும். உருட்சி, நீரோட்டம், நிறம், மேற்பரப்பின் மாசு ஆகியவற்றைக் காணப் பழகிய கண் வேண்டும். விற்பவருக்கு அந்தக் கண் உண்டு. வாங்குபவருக்குப் பெரும்பாலும் இல்லை. மாணிக்கம், மரகதம், வைரம் என எல்லா மணிகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, மணி வணிகத்தில் கல்லோடு சேர்ந்து நம்பிக்கையும் விலைபோகிறது. அந்த நம்பிக்கையை ஒரு தனி வணிகர் தம் ஊருக்குள் தேடிக்கொள்ள இயலும். தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் கடை வைத்திருப்பவரின் சொல்லே அங்குச் சான்று. கடல் கடந்து விற்கும்போது அத்தெரு உடன் வருவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே வணிகர்கள் கூட்டமைப்பாகத் திரண்டனர்.

பாரும் சலாபமும்

மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து சில கல் தொலைவில், கடலின் அடியில், முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழும் பாறைத்திட்டுகள் உள்ளன. மீனவர் அவற்றைப் ‘பார்’ என்பர். தொலையிரம் பார் அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. முத்துக்குளிக்கும் பருவத்துக்குச் ‘சலாபம்’ என்று பெயர். சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சில வேளைகளில் தொடர்ந்து சில ஆண்டுகள் நிகழும். பின்னர்ப் பல ஆண்டுகள் கடல் வெறுங்கையோடு அனுப்பிவிடும்.

கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் அள்ளி மேலே வருவார் குளியாள். படகிலிருப்பவர் அவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிப்பவர் கவனம் தவறினால் கீழே இருப்பவர் உயிர் போகும். ஆதலால், இத்தொழில் தொடக்கத்திலிருந்தே இருவர் தொழில்; படகுக்குப் பலர் என்ற கணக்கில் கூட்டுத்தொழில். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற்பயணக் குறிப்பு’, கொற்கைப் பகுதியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. ஒளிரும் பொருளின் வரலாற்றில் இருண்ட பக்கமும் உண்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பில் நிலவிய பங்கீட்டு முறையைப் பதிவு செய்துள்ளார். வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து கப்பலும் படகும் ஆளும் அமர்த்தினர். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்குச் சென்றது. குளியாட்களைச் சுறா தீண்டாதபடி மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்தது. அவர்களை இக்கரையில் ‘கடல்கட்டி’ என்பர். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, அவர்கள் மந்திரம் ஓதாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர் என்பதே கணக்கில் கொள்ளத்தக்கது. இன்றைய சொல்லில் கூறினால், அந்தப் பங்கு காப்பீட்டுக்குச் செலுத்திய தொகை.

போர்த்துக்கீசியருக்குப் பின் 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். ஆட்சி மாறினாலும் முத்துப்பார்கள் அரசின் உரிமையாகவே கருதப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் பார்களை முன்னதாக ஆய்வு செய்வது வழக்கமாயிற்று. மாதிரிக்காகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துகளைத் தேர்ந்த வணிகரைக் கொண்டு மதிப்பிட்டனர். மதிப்பு போதுமானதாக இருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு தொலைவிலுள்ள ஊர்களுக்கும் சென்றது. கரையில் கொட்டகைகள் எழுந்தன. குளியாட்களின் பங்கு போக அரசின் பங்குச் சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக எண்ணப்பட்டு ஏலம் விடப்பட்டன. எந்தச் சிப்பிக்குள் என்ன இருக்கும் என்பதை ஒருவரும் அறியார். ஆயினும், மாதிரி மதிப்பீட்டை நம்பி, கடல் கடந்த வணிகர்கள் பணத்தோடு வந்து நின்றனர். அந்த மதிப்பீடே அவர்களுக்குக் கிடைத்த சான்றிதழ்.

சிப்பியை எடுக்கும் காலமும் முதன்மையானது. மிக இளஞ்சிப்பியை எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். முதிரும்வரை காத்திருந்தால் சிப்பி மடிந்து முத்தும் கடலடியில் சிதறும். ‘இவ்வாண்டு எடுக்க வேண்டா’ என்று ஒருவர் சொல்லவும், அதை எல்லோரும் கேட்கவும் வேண்டியிருந்தது. எடுப்பதற்குத் தேவைப்பட்ட ஒழுங்கைவிட எடுக்காமல் இருப்பதற்குத் தேவைப்பட்ட ஒழுங்கு கடினமானது.

பெயர் பெற்ற எடைக்கற்கள்

வணிகர் ஒன்றுகூடிச் செயல்படுவது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டு, வெள்ளறை நிகமத்தாரைக் குறிப்பிடுகிறது. ‘நிகமம்’ என்பது வணிகர் குழு. பிற்காலத்தில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள் கடலுக்கு அப்பாலும் தடம் பதித்தன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பட்டதைக் கூறுகிறது. சுமத்திராவின் பாரூசுப் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு கிடைத்துள்ளது. அயல்நாட்டில் இறங்கும் தனி வணிகருக்குத் தங்குமிடம், காவல், அறிமுகம் ஆகிய மூன்றும் தேவை. அவற்றைக் குழுவின் பெயர் அளித்தது.

தரம் பிரித்தலிலும் முன்னோர் தேர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரியகோவிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களைப் பற்றிய கல்வெட்டுகள் இதற்குச் சான்று. வட்டமுத்து, அநுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, கறடு, இரட்டை, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என முத்துகள் அவற்றில் வகை பிரித்து எழுதப்பட்டுள்ளன. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்ற கல். மணிகளோடு கூடிய அணிகலன்களை நிறுக்கத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்ற கல். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரையே சூட்டியவர்கள், எடையில் பிழை நேர்வதை எவ்வளவு பெரிய குற்றமாகக் கருதியிருக்க வேண்டும்!

தெரிந்து தெளிவோம்

முத்துக்குளிப்புக் கரைகளில் முத்துகளை அளவு பிரிக்கத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் பயன்பட்டன. பத்துச் சல்லடைகள் ஒரு தொகுதி. முதல் சல்லடையில் 20 துளைகள். அடுத்தடுத்து 30, 50, 80, 100 என மிகுந்து இறுதிச் சல்லடையில் 1000 துளைகள் இருக்கும். துளைகள் மிகுதியாக ஆக அவற்றின் அளவு சிறுத்துக்கொண்டே போகும். முதல் சல்லடையிலேயே தங்கிவிடும் பெருமுத்துக்கு மதிப்பு மிகுதி. அளவு பிரித்த பின்னரே உருட்சியையும் ஒளியையும் கண்டு ஆணிமுத்து முதலிய வகைகளாகப் பிரிப்பர்.

கடல் ஓய்ந்தது

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து சலாபம் நிகழ்ந்தது. அதன்பின் பார்கள் முன்போல் நிறையவில்லை. குளியாட்கள் சங்கு எடுப்பதோடு நின்றனர்.

உலகச் சந்தையில் வேறொரு மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. சப்பானைச் சேர்ந்த மிக்கிமோட்டோ 1893ஆம் ஆண்டில் சிப்பிக்குள் மனித முயற்சியால் அரைக்கோள முத்தை உருவாக்கிக் காட்டினார். அடுத்த சில பத்தாண்டுகளில் உருண்டை வடிவ வளர்ப்பு முத்துகள் சந்தையை நிறைத்தன. இயற்கை முத்தையே நம்பியிருந்த பாரசீக வளைகுடா நாடுகளின் பொருளாதாரம் ஆட்டம் கண்டது. தூத்துக்குடியும் பின்தங்கிவிடவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கு. அழகர்சாமியின் முயற்சியால் 1973ஆம் ஆண்டில் இங்கேயே உருண்டை வளர்ப்பு முத்து உருவாயிற்று. 1981ஆம் ஆண்டில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கவும் வழி காணப்பட்டது. எனினும், அறிவியல் வெற்றி பெருந்தொழிலாக வளரவில்லை. இன்று இந்தியாவில் முத்து வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர் கடலே இல்லாத ஐதராபாத்து. வெளிநாட்டு முத்துகள் அங்கே தரம் பிரிக்கப்பட்டுத் துளையிடப்பட்டுக் கோக்கப்படுகின்றன. கடல் தருவதைக் காட்டிலும் கைத்திறனும் வணிகத் தொடர்பும் ஓர் ஊருக்கு நீண்ட வாழ்வு தரும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வளர்ப்பு முத்தின் வரவு, பழைய வினாவைப் புதிய வடிவில் எழுப்பியது. இயற்கை முத்தில் ஒளிப்படலம் நடுவிலிருந்தே அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். வளர்ப்பு முத்தின் நடுவில் மனிதர் வைத்த ஓட்டுமணி இருக்கும். அதன்மேல் மெல்லிய படலம் படிந்திருக்கும். வெளியில் இரண்டும் ஒன்றே. எத்தனை தலைமுறை பழகிய கண்ணும் ஏமாறும். உள்ளே ஊடுருவும் எக்சு கதிரே இரண்டையும் பிரித்துக் காட்டும். கண் போதாத இடத்தில் ஆய்வகம் தேவைப்பட்டது. அந்த ஆய்வகத்தைத் தம் செலவில் அமைக்கச் சிறு வணிகருக்கு ஆற்றல் இல்லை.

மன்றம் பிறந்தது

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவுக்கு அந்நியச் செலாவணி தட்டுப்பாடான பொருளாக இருந்தது. 1966ஆம் ஆண்டு சூன் திங்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இந்திய அரசின் வணிக அமைச்சகம், நவமணி, அணிகலன் ஏற்றுமதி மேம்பாட்டு மன்றத்தைத் தோற்றுவித்தது. செய்தித்தாள்களில் இது ‘ஜி.ஜே.இ.பி.சி.’ என்ற சுருக்கப் பெயரால் வழங்கும். தலைமையகம் மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை, சூரத்து, செய்ப்பூர் ஆகிய நகரங்களில் மண்டல அலுவலகங்கள் உள்ளன. ஏறத்தாழ 10,000 ஏற்றுமதியாளர் இதன் உறுப்பினர். அரசு தோற்றுவித்ததாயினும், இதை நடத்தும் குழுவினர் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அரசுக்கும் வணிகருக்கும் நடுவில் நிற்பதே இதன் இயல்பு. வலிமையும் இடர்ப்பாடும் அந்த நடுநிலையிலிருந்தே பிறக்கின்றன.

இம்மன்றம் செய்வது என்ன என்பதைப் பட்டியலாகக் கூறுவதைவிட, ஒரு பட்டறையிலிருந்து தொடங்கிப் பார்ப்பது எளிது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் நாகர்கோவிலின் வடசேரி இருக்கிறது. கோவில் திருமேனிகளுக்கும் பரதநாட்டியக் கலைஞர்களுக்கும் சிவப்பு, பச்சைக் கற்கள் பதித்த அணிகலன்களைச் செய்வோர் அங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றனர். ‘நாகர்கோவில் கோவில் நகைகள்’ புவிசார் குறியீடு பெற்றவை. அங்கே பட்டறை வைத்திருக்கும் ஒருவர், சிங்கப்பூரிலோ இலண்டனிலோ தம் நகைகளை விற்க விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம்.

அவர் முதலில் ஏற்றுமதியாளராகப் பதிவு பெற வேண்டும். மன்றம் வழங்கும் பதிவு, உறுப்பினர் சான்றிதழ் இருந்தால்தான் அயல்நாட்டு வணிகக் கொள்கையின் சலுகைகள் பலவற்றுக்கு அவர் உரியவர் ஆவார். அடுத்து, வாங்குவோரைக் காண வேண்டும். தொலைபேசியில் படம் காட்டி விலையுயர்ந்த நகையை விற்பது அரிது. வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இதற்காகவே மன்றம் 1984 முதல் மும்பையில் பன்னாட்டு அணிகலன் கண்காட்சியை நடத்திவருகிறது. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களை அழைத்துவருகிறது. ஆங்காங் முதலிய நகரங்களின் கண்காட்சிகளில் இந்திய அரங்கு அமைத்து அங்கு உறுப்பினர்களை அழைத்துச் செல்கிறது. தனியே சென்றால் சுவரோரச் சிறு மேசைகூடக் கிடைக்காத பட்டறைக்காரர், இந்தியா என்ற பெயர்ப்பலகையின் கீழ் அமர்ந்துகொள்ள இயலும். தக்குவாபாவில் மணிக்கிராமம் என்ற பெயர் செய்த பணியும் இதுவே.

கண்காட்சிக்கு நகையைக் கொண்டுபோவதே ஒரு சிக்கலான செயல். விற்றவை ஏற்றுமதி; விற்காதவை திரும்பி வர வேண்டும். திரும்பி வரும்போது அவை புதிய இறக்குமதியாகக் கருதப்பட்டு வரி விதிக்கப்பட்டால் வணிகருக்கு இருமடங்கு இழப்பு. ஆகவே, மன்றத்தின் ஒப்புதல் பெற்று எடுத்துச் சென்று, குறித்த காலத்துக்குள் திரும்பக் கொண்டுவரும் முறை வகுக்கப்பட்டுள்ளது. மணியும் நகையும் பெரும்பாலும் கப்பலில் செல்வதில்லை. வானூர்தியில் சிறு பொதியாகச் செல்லும். சில வேளைகளில் வணிகரின் கைப்பையிலேயே செல்லும். கொற்கைத் துறையின் இடத்தை இன்று வானூர்தி நிலையத்துச் சுங்க மேசை பிடித்துக்கொண்டது.

பிறகு வரி. நகை ஏற்றுமதியாளருக்கு மூலப்பொருள் பொன்; அதன் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. பொன்னுக்கு இறக்குமதி வரி கூடினால், செய்கூலியே ஆதாயமாக உள்ள சிறு பட்டறையின் முதலீடு வரியிலேயே முடங்கிவிடும். ஏற்றுமதிக்குப் பின் வரியைத் திரும்பப் பெற வழி இருந்தாலும், பணம் கைக்கு வரும்வரை வட்டி ஏறும். வரியைக் குறைக்குமாறு மன்றம் பல ஆண்டுகள் வலியுறுத்திவந்தது. 2024ஆம் ஆண்டு சூலை வரவு-செலவுத் திட்டத்தில் பொன் மீதான இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வாங்கும் நாடுகளின் வரியும் கவனிக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டு மே 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால், இந்திய நகைகள் மீது ஐக்கிய அரபு அமீரகம் விதித்துவந்த 5 விழுக்காட்டு வரி நீங்கியது. ஒரு பட்டறைக்காரர் எழுதும் விண்ணப்பம் எந்த அமைச்சரின் மேசையையும் எட்டுவதரிது. பல்லாயிரவர் சார்பில் புள்ளிவிவரத்தோடு எழுதப்படும் விண்ணப்பம் எட்டும்.

சான்றிதழின் எடை

மன்றத்தின் பணிகளுள் மிக நுண்மையானது சான்றளிப்பு. செய்ப்பூரில் 1972ஆம் ஆண்டு தோன்றிய மணி ஆய்வகம் மன்றத்தின் துணையால் அமைந்தது. ஒரு கல் இயற்கையானதா, சூடேற்றி நிறம் கூட்டப்பட்டதா, செயற்கையானதா என்பதை அங்கே கருவிகளால் ஆராய்ந்து எழுத்தில் தருகின்றனர். காயல்பட்டினத்து மணி வணிகர்கள் இலங்கை, செய்ப்பூர், ஆங்காங் எனப் பல ஊர்களோடு நெடுங்காலமாகத் தொடர்புடையவர்கள். அவர்களின் முன்னோர் கல்லை விளக்கொளியில் திருப்பிப் பார்த்துச் சொன்ன சொல்லை, இன்று ஓர் ஏட்டில் எழுதிக் கேட்கிறது உலகம். இலங்கையிலும் இதே தேவையை நிறைவு செய்ய 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மாணிக்கக்கல், ஆபரண அதிகாரசபை இயங்குகிறது.

கல்லின் தரத்தை மட்டுமன்றி அதன் பிறப்பையும் சான்றளிக்க வேண்டிய நிலை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. சியரா லியோன், அங்கோலா ஆகிய ஆப்பிரிக்க நாடுகளின் உள்நாட்டுப் போர்களில், கிளர்ச்சிப் படைகள் வைரத்தை விற்று ஆயுதம் வாங்கின. அவ்வைரங்கள் நல்ல வைரங்களோடு கலந்து உலகெங்கும் சென்றன. இதைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் நாடுகள் கூடிப் பேசின. 2003ஆம் ஆண்டில் கிம்பர்லிச் சான்றளிப்புத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ் இல்லாத பட்டை தீட்டப்படாத வைரம் உறுப்பு நாடுகளின் எல்லையைக் கடக்க இயலாது. இந்தியாவில் இச்சான்றிதழ் தொடர்பான பொறுப்பு மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உலகில் மெருகேற்றப்படும் வைரங்களுள், எண்ணிக்கையில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது இந்தியக் கைகளைக் கடந்து செல்வதால், இது சிறு பொறுப்பன்று. இத்திட்டத்துக்கு இந்தியா 2008, 2019 ஆகிய ஆண்டுகளில் தலைமை தாங்கியுள்ளது. கிளர்ச்சிப் படைகளின் வைரத்தை மட்டுமே இத்திட்டம் வரையறுக்கிறது, சுரங்கத் தொழிலாளர்கள்மீது நிகழும் பிற கொடுமைகளைக் காணாமல் விடுகிறது என்ற குறை தொடர்ந்து சொல்லப்படுகிறது. அக்குறை நியாயமானதே.

இப்போது வைரத்துக்கும் முத்தின் கதை திரும்பியுள்ளது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரமும் கரிமம்தான். மண்ணிலிருந்து எடுத்த வைரமும் கரிமம்தான். கண்ணாலும் கைவில்லையாலும் வேறுபாடு காண இயலாது. விலையோ பெரிதும் வேறுபடும். வளர்ப்பு வைரத்தை விற்பது குற்றமன்று. அதை மண்ணில் பிறந்ததாகக் கூறி விற்பதே குற்றம். இத்துறையின் ஆய்வுக்கென 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 243 கோடி ரூபாய் ஒதுக்கியது. இருவகை வைரம் விற்போரும் உறுப்பினராக உள்ள மன்றத்துக்கு, இரண்டையும் வளர்க்கவும் இரண்டையும் கலவாமல் காக்கவும் ஒருசேரப் பொறுப்பு உண்டு. ஒல்லாந்தரோ ஆங்கிலேயரோ தூத்துக்குடிக் கரையில் எதிர்கொள்ளாத சிக்கல் இது.

எடுக்காமல் இருத்தல்

2022-23ஆம் ஆண்டில் இந்தியாவின் நவமணி, அணிகலன் ஏற்றுமதி ஏறத்தாழ 3,700 கோடி அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டில் அது 3,200 கோடி அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவிலும் சீனாவிலும் வைரம் வாங்குவோர் குறைந்தனர். மெருகேற்றிய கற்கள் சூரத்திலும் மும்பையிலும் தேங்கின. தேக்கம் கூடக்கூட விலை சரிந்தது. விலை சரியும்போது ஒவ்வொரு வணிகரும் விரைந்து விற்கவே முனைவார். அதனால் விலை மேலும் சரியும். தனித்தனியே எல்லோரும் அறிவோடு நடந்துகொண்டு, ஒன்றாகச் சேர்ந்து இழப்பைத் தேடிக்கொள்ளும் நிலை அது.

அப்போது மன்றமும் பிற வைர வணிகச் சங்கங்களும் சேர்ந்து ஒரு வேண்டுகோள் விடுத்தன. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 15 முதல் திசம்பர் 15 வரை, பட்டை தீட்டாத வைரத்தை இறக்குமதி செய்வதை உறுப்பினர்கள் தாமே நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவ்வேண்டுகோள். அது சட்டமன்று; மீறினால் தண்டனை இல்லை. ஆயினும் பெரும்பாலோர் ஏற்றனர், இறக்குமதி குறைந்தது. முத்துப்பாரில் ‘இவ்வாண்டு எடுக்க வேண்டா’ என்று அரசு ஆணையிட்டதை, இங்கே வணிகர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டனர்.

இரு மாத ஓய்வின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. இருப்பு வைத்திருந்த பெருவணிகருக்கு அது பயன் தந்தது. கல் வராததால் பட்டறை மூடியபோது, கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் தொழிலாளிக்கு அடுப்பு எரிவது கடினமாயிற்று. மன்றம் தொழிலாளர்களுக்காகக் குழு மருத்துவக் காப்பீட்டையும் அடையாள அட்டைத் திட்டத்தையும் நடத்துகிறது. சூரத்தில் 1978ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய வைர நிறுவனமும் பிற பயிற்சி நிலையங்களும் இளைஞருக்குத் தொழில் கற்பிக்கின்றன. கோயம்புத்தூர்போன்ற நகைத்தொழில் நகரங்களில், தனியொருவர் வாங்க இயலாத இயந்திரங்களைப் பலரும் பயன்படுத்தும் பொதுவசதி மையங்கள் அமைந்துள்ளன. இவை நற்பணிகள். ஆனால், உறுப்பினர் என்பவர் ஏற்றுமதியாளர், தொழிலாளி அல்லர். யாருக்குப் பங்கு, எவ்வளவு பங்கு என்ற வினாவுக்கு மார்க்கோ போலோ கண்ட காலத்தில் கடல்கட்டிக்குக்கூட விடை இருந்தது. இன்றைய ஏற்பாட்டில் கைவினைஞரின் பங்கு அவர் வேலை செய்யும் பட்டறையின் நல்லெண்ணத்தையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

வடசேரிப் பட்டறைக்காரரின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. அவருடைய நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு, கைத்திறன் உண்டு. ஆனால், சான்றிதழ், பதிவு, கண்காட்சிக் கட்டணம், மும்பைப் பயணம் என ஒவ்வொரு படியும் ஆங்கிலத்திலும் கணினியிலும் நிகழ்கிறது. சென்னை மண்டல அலுவலகமே அவருக்கு ஓரிரவுத் தொடர்வண்டிப் பயணம். பல பட்டறைகள் இன்றும் இடைநிலை வணிகரிடம் விற்றுவிட்டு, தம் நகை எந்த நாட்டில் யார் கழுத்தில் மின்னுகிறது என்பதை அறியாமலேயே இருந்துவிடுகின்றன.

திசம்பர் 15 கழிந்ததும் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. சூரத்துப் பட்டறைகளின் சாணைச் சக்கரங்கள் சுழன்றன. தூத்துக்குடியில் சங்குகுளிப்போர் வழக்கம்போல் விடியற்காலையில் வள்ளம் ஏறிக் கடலுக்குச் செல்கின்றனர். அவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று வளையலாகிறது. 1961ஆம் ஆண்டில் மூடிய சலாபம் இன்னும் திறக்கப்படவில்லை.